நிறைஞ்சிருக்கு

ஆட்களை ஊர் ஊராக அனுப்பி வைப்பது என் தொழில். இரும்புலியூரில் ஜிஎஸ்டி ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு ஜெராக்ஸ் கடை, அதை ஒட்டி என் கடை, மாடியில் என் வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேன் வாங்கினேன். பன்னிரண்டு பேர் உட்காரலாம். எந்தக் கோயிலில் எப்போது நடை சாத்துவார்கள், எந்த ஊரில் கழிவறை சுத்தமாக இருக்கும், எந்த ஓட்டலில் எண்ணெயை மாற்றுவதே இல்லை என்று என்னைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் இப்போதெல்லாம் வருகிறவர்கள் வேறு ஒன்று கேட்கிறார்கள். "மேடம், இவ்வளவு ஊர் பாத்திருக்கீங்களே, உங்களுக்குப் பிடிச்ச இடம் எது?"

மூணாறு, கூர்க் என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். இன்னும் சிலர் யாருமே பார்க்காத இடமாக வேண்டும் என்பார்கள். யாருமே பார்க்காத இடத்தில் டீக்கடை இருக்காது, படம் எடுத்துப் போட சிக்னல் இருக்காது, அரை மணி நேரத்தில் என்னைத்தான் திட்டுவார்கள். அதனால் நான் மதுராந்தகம் ஏரி என்று சொல்லி வைப்பேன். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிப் போய், தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடக்கும். அதைக் கடக்கும்போது வேனில் பேச்சு தானாக நின்றுவிடும். "ஏரி நிறைஞ்சிருக்கு பாருங்க" என்று யாராவது சந்தோஷமாகச் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் நான் மட்டும் ஏரிப் பக்கம் திரும்ப மாட்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் அம்மாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அஸ்தினாபுரத்தில் நாங்கள் வளர்ந்த வீட்டில் 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. அரிசி தீர்ந்து போனால் அம்மா "அரிசி நிறைஞ்சிருக்கு" என்பாள். உப்பு, மஞ்சள், குங்குமம், நல்லெண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 'இல்லை' என்று வாயால் சொன்னால் அது நிஜமாகவே இல்லாமல் போய்விடும் என்று பயம். பல வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. அரிசி, மஞ்சளோடு நிறுத்திக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அது சோப்புத்தூள், கொசுவத்தி, அப்பாவின் ஸ்கூட்டரில் பெட்ரோல் வரைக்கும் போனது. அம்மா சொன்னதும் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார். எங்கள் வீட்டில் 'நிறைஞ்சிருக்கு' என்றால் காலி என்று அர்த்தம். யாராவது போய் வாங்கி வர வேண்டும் என்றும் அர்த்தம்.

பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே எனக்கு இது எரிச்சல். "காலின்னா காலின்னு சொல்லேன்மா, என்ன கெட்டுடும்?" என்று ஒரு நாள் கேட்டேன். விளக்கு வைத்த நேரம் அது. தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. "விளக்கு வெச்ச நேரத்துல அந்த வார்த்தை உன் வாயில வரக் கூடாது" என்றாள். பகலில் கூட எப்போதாவது வாய் தவறலாம், விளக்கு ஏற்றிய பிறகு தவறவே கூடாது. என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் போல் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. அம்மாவின் பேச்சை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாள்.

அக்கா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முடிச்சூர் வயலாக இருந்து மனைகளாக மாறிய காலத்தில் மாமா அங்கே ஓர் இடம் வாங்கி, தரைத்தளத்தில் தாங்கள் இருக்கவும் மாடியை வாடகைக்கு விடவும் வீடு கட்டினார். கட்டிக் குடியேறிய சில வருஷத்தில் அவர் போய்விட்டார். ஒரே பெண் புனேயில் இருக்கிறாள். அக்காவுக்கு வீசிங். தெருவில் யார் வீடு இடித்தாலும், யார் வீடு கட்டினாலும் இவளுக்கு மூச்சு இழுக்கும். முடிச்சூரில் வீடு கட்டாத நாளே கிடையாது. இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி, கைப்பையில் எப்போதும் மூச்சு மருந்து பம்ப் ஒன்று இருக்கும். வாயில் வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் பேச்சைத் தொடருவாள்.

ஓய்வு பெற்ற பிறகு அவள் என் வேனை விட்டு இறங்கவில்லை என்றே சொல்லலாம். டிரைவருக்குப் பின்னால் முதல் ஜன்னல் சீட் அவளுடையது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஏறி அங்கே உட்கார்ந்துவிடுவாள். "அக்கா, அது காசு குடுத்து வர்றவங்க சீட்டு" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நான் வரலைன்னா உன் ஆளுங்களுக்கு எவன்டி நல்ல சோறு காட்டுவான்?" என்பாள். அதுவும் உண்மைதான். எனக்கு ஓட்டல் தெரியும், அவளுக்குத்தான் சாப்பாடு தெரியும்.

கும்பகோணத்தில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள கடப்பா கேட்டு வாங்க வேண்டும் என்று என் வாடிக்கையாளர்களுக்குப் பழக்கியது அவள். சிதம்பரத்தில் கொத்சு காரமாக இல்லாவிட்டால் சர்வரைக் கூப்பிட்டு விசாரிப்பாள். திருவையாற்றில் அசோகா அல்வா இளஞ்சூட்டில் இருக்க வேண்டும், ஆறிப் போனால் தொட மாட்டாள். ஹைவே முழுக்க டிகிரி காப்பி என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அவற்றில் முக்கால்வாசிக் கடைகளை 'பித்தளை டம்ளருக்குக் குடுக்குற காசு' என்று ஒதுக்கிவிட்டாள். நெடுஞ்சாலை ஓட்டல்களின் சாம்பாருக்கு அவள் வைத்த பேர் 'வாளி சாம்பார்'. இன்றைக்கும் நான் வழிகாட்டிச் சீட்டில் எழுதுகிற சாப்பாட்டு விவரம் பாதி அவள் நாக்கு சொன்னது. எங்கள் பயணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று உண்மையாகச் சொன்னால், அவள் ஒரு புது ஓட்டலில் முதல் வாயை வைத்துவிட்டுத் தலையை ஆட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கிற அந்த ஒரு நொடிதான்.

கொல்லிமலைக்குப் போனது ஒரு கார்த்திகையில். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வேண்டாம், தை மாதம் போகலாம் என்று நான் சொன்னேன். அருவியில் தண்ணீர் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும் என்று குரோம்பேட்டையிலிருந்து வந்த ஒரு கூட்டம் பிடிவாதம் பிடித்தது. விடிவதற்கு முன்னால் முடிச்சூர் போய் அக்காவை ஏற்றிக்கொண்டேன். சாமி அறையில் விளக்கு ஏற்றிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். வெளியே தூறலைப் பார்த்துவிட்டு, "பம்ப் இருக்கா?" என்று கேட்டேன்.

"நிறைஞ்சிருக்கு" என்றாள்.

நானும் சரி என்று பையை வாங்கி வேனில் வைத்தேன். இவ்வளவுதான் நடந்தது. எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், அந்த இடத்தில் சந்தேகப்பட எதுவுமே இருக்கவில்லை. அம்மா போய் எவ்வளவோ காலமாயிற்று. நான் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவள். என் சமையலறையில் காலி என்றால் காலிதான். பம்ப் என்பது அரிசியா, மஞ்சளா? மருந்துக்கடையில் விற்கிற பிளாஸ்டிக் சாமானுக்கும் அம்மாவின் சட்டம் பொருந்தும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

திண்டிவனத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, மலை ஏறும்போது வாந்தி வருகிறவர்களுக்காக மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினேன். கடைப் பெயர் போட்ட கவரோடு நான் திரும்பி வந்ததை அக்கா ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரித்த காரணம் எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. சொன்னவுடன் தங்கச்சி போய் வாங்கி வந்துவிட்டாள், அப்பா மாதிரி ஒரு வார்த்தை பேசாமல், என்று நினைத்திருக்கிறாள்.

ஆத்தூரில் சாப்பாடு நன்றாக இருந்தது. அக்கா ரசத்தை இரண்டாவது தடவை வாங்கிக் குடித்தாள். ராசிபுரம் தாண்டியதும் மலை தெரிய வேண்டும், தெரியவில்லை; அந்தப் பக்கம் வெறும் மேகமாக இருந்தது. அடிவாரத்தில் முடவாட்டுக்கால் சூப் விற்கிறவரிடம் எல்லாரும் ஆளுக்கு ஒரு டம்ளர் வாங்கினோம். ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு இருக்கும் ஒரு கிழங்கு அது, மிளகு போட்டுக் கொதிக்க வைப்பார்கள். அக்கா அரை டம்ளரோடு வைத்துவிட்டாள். "பிடிக்கலையா?" என்றேன். "ரசமே வயிறு முட்ட இருக்கு" என்றாள். அவள் ஒரு புதுப் பண்டத்தைப் பாதியில் வைத்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஏற ஏற மூடுபனி கூடியது. முன்னால் போகிற பைக்கின் சிவப்பு விளக்கு மட்டும் தெரியும், அப்புறம் அதுவும் தெரியாது. வேனில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பாதி மலையில் வண்டி நின்றது. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். இரும்புலியூரிலேயே பிறந்து வளர்ந்தவன், என்னிடம் ஆரம்பத்திலிருந்து இருக்கிறான்.

"லாரி ஒண்ணு ஆக்ஸில் கட்டாயி வளைவுல நின்னுகினு கீதுக்கா. இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெரியக்கா மூச்சு ஒரு மாதிரி கீதே, இன்னா?" என்றான்.

எஞ்சினை அணைத்ததால்தான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய விசில் மாதிரி, உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது.

"பம்ப்ப எடுக்கா" என்றேன்.

கையை என் பக்கம் நீட்டினாள். "குடு."

"என்னத்தக் குடுக்க? உன் பையிலதான இருக்கு?"

"நீதான... வாங்கின?" என்று இரண்டு மூச்சில் கேட்டாள். "திண்டிவனத்துல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பையைப் பிரித்துப் பம்ப்பை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை. அழுத்தினால் வெறும் டக் என்ற சத்தம் வந்தது. எனக்கு முதலில் பயம் வரவில்லை, அப்படியொரு கோபம்தான் வந்தது. அக்காவின் மேல், செத்துப் போன அம்மாவின் மேல், ஒரு காலி டப்பாவைக் காலி என்று சொல்ல விடாத அந்த வீட்டின் மேல். அக்காவின் உதடு நீலம் பாய ஆரம்பித்ததைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. மேலே போகவும் வழியில்லை, கீழே திரும்பவும் இடமில்லை.

டிரைவர் பின்னால் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, பம்ப் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போனான். யாரிடமும் இல்லை. திரும்பி வந்து லாரிக்காரரோடு ஏதோ பேசினான். ஆண்கள் எல்லாரும் இறங்கினார்கள். லாரிக்கும் பாறைக்கும் நடுவில் வேனை ஒரு பக்கமாகச் சாய்த்த மாதிரி ஓட்டி வெளியே எடுத்தான். பக்கவாட்டில் தகரம் கிழிகிற சத்தத்தை நான் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். மலை மேல் செம்மேட்டு ஆஸ்பத்திரியில் முகமூடியை மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். விசில் சத்தம் குறைந்துகொண்டே வந்து நின்றது.

மறுநாள் காலை கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தவளை நான் நன்றாகத் திட்டினேன். "இனிமே இல்லைன்னா இல்லைன்னு சொல்லணும். காலின்னா காலி. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

"தலையில அடிச்சு எல்லாம் சத்தியம் பண்ணக் கூடாதுடி."

"அப்ப வாயால சொல்லு."

"சரி, சொல்றேன்" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் கசப்பு மருந்து குடித்த முகத்தோடு சொல்வாள்.

அந்த மலையில் கெட்டுப் போன நுரையீரல் பிறகு சரியாகத் தேறவில்லை. வேனில் வருவது குறைந்தது, பிறகு நின்றது. வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வைக்கச் சொன்னார்கள். அது கரண்ட்டில் ஓடும். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு சிலிண்டர். நிரப்பிய சிலிண்டரைக் கடைக்காரர் என் கடையில் இறக்கிவிட்டுப் போவார். காலையில் அக்கா போன் செய்து, "காலிடி" என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. வேனில் கொண்டுபோய் மாற்றிவிட்டு வருவோம். முதல் ஜன்னல் சீட்டில் அந்தச் சிலிண்டர் உட்கார்ந்து போகும். டிரைவர் அதற்கு சீட் பெல்ட் மாட்டுவான். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

அடுத்த மழை வந்தது. முடிச்சூர்க்காரர்கள் மழையைப் பற்றிப் பேசும் விதமே வேறு. பெரிய வெள்ளத்தில் மாடி வரை தண்ணீரைப் பார்த்தவர்கள். வானம் கறுத்தாலே மிக்ஸியையும் மாவு டப்பாவையும் பரண் மேல் ஏற்றிவிடுவார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து கொட்டியது. என்னோடு வந்துவிடு என்று மதியம் அக்காவைக் கூப்பிட்டேன். "மெஷினத் தூக்கிக்கிட்டு எங்கடி வர்றது, தெருவுல கணுக்கால் தண்ணிதான்" என்றாள். மாடியில் குடியிருந்தவர்கள் அப்போதே மூட்டை கட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அந்தப் பக்கம் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போன் செய்தேன். நாலைந்து தடவை முயன்ற பிறகு கிடைத்தது.

"கரண்ட் இருக்கா?"

"இனிமேதான் வரணும்" என்றாள். குரல் தூரத்தில் கேட்டது.

"சிலிண்டர் போட்டுருக்கியா? எவ்வளவு இருக்கு?"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நிறைஞ்சிருக்கு" என்றாள்.

"அக்கா, நேரா சொல்லு. இருக்கா, இல்லையா?"

"விளக்கு ஏத்திட்டேன்டி" என்றாள். அதோடு லைன் போய்விட்டது. மறுபடி எத்தனை தடவை போட்டாலும் ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்தது.

நான் கடையில் நின்றுகொண்டு அந்த ஒரு சொல்லை இப்படியும் அப்படியும் புரட்டினேன். முந்தின வாரம்தான் சிலிண்டர் மாற்றினோம். கரண்ட் பெரிதாகப் போகவில்லை. நிறைந்தே இருக்கலாம். கொல்லிமலைக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு தடவை கூட அந்தப் பழைய சொல்லைச் சொன்னதில்லை. கரண்ட் போனால் யாரும்தான் விளக்கு ஏற்றுவார்கள், அதில் என்ன இருக்கிறது? ஆனால் அவள் எனக்குக் 'காலி' என்று சொன்னதெல்லாம் காலை நேரத்தில். விளக்கு வைத்த பிறகு அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு இதுவரை அவசியம் வரவில்லை.

டிரைவரைக் கூப்பிட்டேன். சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வந்தான்.

"முடிச்சூர்ல தண்ணி ஏறிகினே கீதுக்கா. வேன் போவாது. காலைல பாத்துக்கலாம். பெரியக்கா இன்னா சொன்னாங்க?"

"சிலிண்டர் நிறைஞ்சிருக்குன்னு சொன்னா."

"அப்பறம் இன்னா பேஜாரு? நெறஞ்சிதான கீது."

"எங்க வீட்டுல நிறைஞ்சிருக்குன்னா காலின்னு அர்த்தம் தம்பி."

கொல்லிமலை அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "இன்னா குடும்பம்க்கா நீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே சுவரில் சாய்த்திருந்த சிலிண்டரைத் தோளில் தூக்கினான். "எங்க சித்தப்பா வூட்ல டிராக்டர் கீது. வா."

அவன் சித்தப்பாவின் டிராக்டர் ஒரு காலத்தில் அந்த வயல்களில் உழுதது, இப்போது செங்கல் ஏற்றுகிறது. மட்கார்டில் ஒடுங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மெயின் ரோட்டை விட்டுத் திரும்பியதும் தெரு எது, மனை எது என்று தெரியவில்லை. காம்பவுண்டுச் சுவர்களின் தலை மட்டும் நீளமாகத் தெரிந்தது. ஒரு வீட்டிலும் வெளிச்சம் இல்லை. மிதந்து வந்த பால் டப்பாக்களும் செருப்புகளும் டயரில் மோதி விலகின. தண்ணீர் ஓடுகிற சத்தம் இல்லை, அது சும்மா நின்றுகொண்டே ஏறியது. அந்த அமைதிதான் எனக்குத் தாங்க முடியவில்லை. நான் தப்பாகப் புரிந்துகொண்டு, இவனையும் கூட்டிக்கொண்டு வீணாக வந்திருக்க வேண்டும், அவள் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.

அவள் வீட்டு ஜன்னலில் மட்டும் மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. என்னிடமிருந்த சாவியால் திறந்து, முழங்காலளவுத் தண்ணீரில் கதவைத் தள்ளினோம். சாமி அலமாரியின் மேல் தட்டில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா கட்டிலில் இரண்டு மெத்தை மேல் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்திருந்தாள். மூக்கில் குழாய் இருந்தது. கண் திறந்திருந்தது. தலைமாட்டில் கட்டி வைத்த சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. வாயு கசியாமல் அடைக்கும் வாஷர் பழுதாகி, இரண்டு நாளாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். டிரைவர் ஸ்பானரை வாயில் கவ்விக்கொண்டு பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். உஸ் என்று காற்று வருகிற சத்தம் கேட்டது. அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பேசுகிற அளவுக்கு வர நேரம் பிடித்தது. நான் அழுதுகொண்டே கேட்டேன். "காலின்னு ஒரு வார்த்தை சொன்னா என்னக்கா? நான் புரிஞ்சுக்காம போயிருந்தா?"

"விளக்கு வெச்சுட்டேன்னு... சொன்னேனே" என்றாள். "உனக்குப் புரியும். நீ அம்மாவோட பொண்ணு தானே."

அந்த நேரத்தில் கூட எனக்கு அவளை ஓர் அறை அறையலாம் போலிருந்தது. செத்துப் போகிற நிலையிலும் அம்மாவின் விளக்குக்குப் பயந்திருக்கிறாள். என்னை நம்பியும் இருக்கிறாள். இரண்டில் எது பெரிது என்று எனக்குத் தெரியவில்லை. டிராக்டரில் மெத்தையைப் போட்டு, தார்ப்பாய் போர்த்தி, இரும்புலியூருக்குக் கொண்டு வந்தோம்.

அதன் பிறகு என்னோடுதான் இருந்தாள். மாடி ஜன்னலோரம் கட்டில். நான் ஊர் போய் வரும்போதெல்லாம் ஏதாவது வாங்கி வருவேன். கும்பகோணத்திலிருந்து கடப்பாவைத் தூக்குவாளியில் கொண்டுவந்து சூடு பண்ணிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "போதும்டி" என்றாள். தை மாதம் பாதியில், நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் போனாள். கரண்ட் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாற்று சிலிண்டர் பக்கத்திலேயே முழுதாக நின்றது. இந்தத் தடவை எதுவும் காலியாக இல்லை, ஆனாலும் போய்விட்டாள். அதை என்னால் இன்னும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

போன வாரம் மறுபடி வண்டியை எடுப்பது என்று முடிவு செய்தேன். கும்பகோணம், திருவையாறு, சிதம்பரம், அக்காவுக்குப் பிடித்த சுற்று. சாயங்காலம் கடையில் விளக்கு ஏற்றி, ஊதுபத்தியைச் செருகிவிட்டு உட்கார்ந்தபோது போன் வந்தது. குரோம்பேட்டையிலிருந்து ஒருவர், அம்மாவை அழைத்து வருகிறாராம்.

"மேடம், அம்மாவுக்குத் தலை சுத்தும். முன்னாடி, டிரைவருக்குப் பின்னாடி ஜன்னல் சீட் இருக்கா?"

வாய் திறந்து சொன்னது நான்தான். குரல் மட்டும் யாருடையதோ போல் இருந்தது. "நிறைஞ்சிருக்கு சார்."

"ஓ, புக் ஆயிடுச்சா. பரவால்ல மேடம், அடுத்த வரிசையில போட்டுருங்க" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

வாசலில் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் கையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும்.